நின்னுக்கிட்டே நாற்பது செகண்டு

என்னம்மா அப்படிப் பாக்கறீங்க? என் டோக்கன் பத்தொம்பதுதான். கூப்பிட்டாங்க, காதுல விழுந்துச்சு. இப்ப உள்ள போயிருக்கறது இருபத்துநாலு. அதனால ஒண்ணும் குடி முழுகிப் போயிடல. இடுப்புல குழந்தையோட ஒரு பொண்ணு நின்னுச்சு, முதல்ல நீ போம்மான்னேன். அப்புறம் ஒரு பெரியவர் உக்கார முடியாம நெளிஞ்சுக்கிட்டிருந்தாரு. துறையூர் பஸ்ஸப் பிடிக்கணும்னு ஒருத்தர் சொன்னாரு. இப்படியே அஞ்சு பேரு போயிட்டாங்க. எனக்கென்ன, உறையூர்தான். பொடிநடையா நடந்தாக்கூட கால் மணி நேரத்துல வீடு.

பழக்கம்மா. வேற ஒண்ணுமில்ல. இருபத்துநாலு வருஷம் மெடிக்கல் ரெப்பா இருந்தவன் நான். அந்தா, சுவத்துல போர்டு பாருங்க. மருத்துவப் பிரதிநிதிகள் நோயாளிகள் முடிந்த பிறகுதான் வர வேண்டும்னு போட்டிருக்கா? திருச்சியில எந்த கிளினிக்குக்குப் போனாலும் அந்த போர்டு இருக்கும். எங்களுக்கு அதான் வேதம். கடைசி பேஷண்ட் செருப்ப மாட்டற வரைக்கும் நாங்க சுவத்தோரமா நிப்போம். பேஷண்ட் யாராவது வந்தா தானா கால் பின்னால போயிடும். இன்னிக்கு நானும் பேஷண்டுதான், சேர்ல உக்காந்திருக்கேன், டோக்கன் கையில இருக்கு. ஆனா கூப்பிட்டாப் பின்னாலதான் போவுது காலு.

பயமெல்லாம் கிடையாது. டாக்டருங்ககிட்ட எனக்கு என்னம்மா பயம்? இந்த டாக்டர் பெரியநாயகம் சார் புதுசா கிளினிக் போட்டப்ப, முதல் நாள் முதல் ரெப் நான்தான். அப்ப அவருக்குத் தலை முழுக்க முடி.

நீங்க எந்த ஊரு? மணப்பாறையா. நல்லது. தனியாவா வந்தீங்க? சரி சரி. என் பேரு தனசீலன். டோக்கன் இருபத்தேழுதானே உங்களுக்கு, நேரம் இருக்கு. இந்த டாக்டர் நிதானமா பாப்பாரு.

ரெப் வேலையில உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. எங்களுக்கு டாக்டர்கிட்ட கிடைக்கறது நாற்பது செகண்டு. அதுக்குள்ள சொல்லிடணும். அதுவும் நின்னுக்கிட்டே. எதிர்ல சேர் இருக்கும், அது எங்களுக்கில்ல. இருபத்துநாலு வருஷத்துல ஒரு டாக்டர் ரூம்ல நான் உக்காந்ததில்ல. கையில ஒரு அட்டைப் புத்தகம் வச்சிருப்போம், பளபளன்னு படம் போட்டு. பேனாவால தட்டித் தட்டிக் காட்டி, பக்கம் பக்கமா திருப்பிக்கிட்டே ஒப்பிக்கணும். நான் கொண்டுபோனது அல்சர் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடுக்கறது. பேரு வேண்டாம், இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அப்புறம் ஏன் விட்டேன்னுதானே கேக்கறீங்க. எழுதறதுக்காக விட்டேன்மா. சிரிக்காதீங்க. பன்னண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு வாரப் பத்திரிகையில என் கதை வந்துச்சு. படம் போட்டு, முழுசா மூணு பக்கம். அதை எங்க எழுதினேன் தெரியுமா? இந்த மாதிரி ஹால்லதான். சுவத்துல சாஞ்சுக்கிட்டே, பழைய மருந்து நோட்டீஸோட பின்பக்கத்துல. வழவழா பேப்பர், மை நிக்காது, ஈஷிக்கும். பாதிக் கதை உள்ளங்கையிலதான் இருக்கும். அந்த சந்தோஷம் இருக்கே, அதை வச்சுக்கிட்டே பத்து வருஷம் ஓட்டினேன். அப்புறம் கம்பெனி கை மாறுச்சு. புது மேனேஜர் வந்தாரு, போன்ல ஒரு ஆப் போட்டுவிட்டாரு. எந்தத் தெருவுல நிக்கறேன், எத்தனை நிமிஷம் நின்னேன்னு எல்லாம் அதுல தெரியும். டீக்கடையில பதினேழு நிமிஷம் என்ன பண்ணீங்கன்னு ஒரு நாள் கேட்டாரு. அன்னிக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன். நாப்பத்தொம்பது வயசு. இனிமே நாவல்தான்னு வந்துட்டேன்.

வீட்டுக்காரி செண்பகம் மஸ்கட்ல ஸ்டாஃப் நர்ஸு. நாலு வருஷமாச்சு போயி. அவ எழுதுங்கன்னுதான் சொன்னா, தப்பா ஒரு வார்த்தை சொல்லல. அதுக்காக சும்மாவும் இருக்கல நான். கைடு போடற ஒரு கம்பெனிக்கு புரூஃப் பாத்துக் குடுக்கறேன். பத்தாம் வகுப்பு அறிவியல் இப்ப எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரே பொண்ணு, நறுமுகைன்னு பேரு, நான் வச்சது. வீட்ல பாப்பாதான். பன்னண்டாவது. அவளுக்குக் காலையில டிபன் செஞ்சு, மதியத்துக்குக் கட்டிக் குடுத்து அனுப்பிட்டா, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நாவல்தான்.

அப்படித்தான் நினைச்சேன். வீட்ல எழுத வரலம்மா. மேஜை இருக்கு, ஃபேன் இருக்கு, வாசல்ல யாரும் வரமாட்டாங்க. ஆனா ஒரு வரி நகராது. ஹால்ல நாலு பேரு இருமணும், ஒரு குழந்தை அழணும், நர்ஸு ஒருத்தர் பேரச் சொல்லிக் கூப்பிடணும். அப்பத்தான் எனக்கு ஓடும். வீட்ல காலையில பாப்பா போனதும் வாய மூடினா மூடினதுதான். ஒரு நாள் மூணு மணிக்கு சிலிண்டர் போடற ஆள் வந்தாரு. பேசறேன், குரல் வரல. செருமிக்கிட்டுப் பேசினேன். அப்பத்தான் உறைச்சுது, அன்னிக்கு முழுக்க அதான் என் முதல் பேச்சுன்னு. அந்த ஆளை டீ குடிச்சுட்டுப் போங்கன்னு எவ்வளவோ சொன்னேன். வண்டியில இன்னும் இருபது சிலிண்டர் இருக்குன்னு போயிட்டாரு.

நம்ம பசங்களப் பாக்கலாம்னு ஒருதடவை சாஸ்திரி ரோடு டீக்கடைக்குப் போனேன். ரெப்பு பசங்க எல்லாம் பதினோரு மணிக்கு அங்கதான் கூடுவாங்க. அண்ணே வாங்கண்ணேன்னாங்க, டீ வாங்கிக் குடுத்தாங்க. ஆனா அவங்க பேசிக்கிட்டிருந்ததை நிறுத்திட்டாங்க. மரியாதையா நாவல் எந்த அளவுல இருக்குன்னு ஒருத்தன் கேட்டான். வெறுங்கையா நின்னேனா, எனக்கே என்னவோ மாதிரி ஆயிடுச்சு. மறுநாள்லருந்து பையை எடுத்துக்கிட்டேன். இதோ, இதுதான். கம்பெனிப் பைதான், பேரை மட்டும் உரிச்சுட்டேன். உள்ள என்ன, என் நோட்டு, தண்ணி பாட்டில், ஒரு துண்டு. ஆனா இது தோள்ல இருந்தா நாலு பேரு தலையாட்டுவாங்க. இங்க டோக்கன் கூப்பிடற ரோஸ்லின் சிஸ்டர்கூட இன்னிக்கு என்னைப் பாத்ததும், ரெப்பு டைம் எட்டு மணிக்குத்தான் சார்னு சொல்லிட்டுத்தான் டோக்கனைப் பாத்தாங்க.

இருபத்தஞ்சு கூப்பிடறாங்க. அவங்கதான், பச்சைப் புடவை. நீங்க உக்காருங்க.

உடம்புக்கு என்னன்னு கேட்டீங்க இல்ல. எனக்கு ஒண்ணுமில்லம்மா. நெஞ்செரிச்சல். அதுக்குத்தான் நான் மாத்திரையே வித்தேன், எனக்குத் தெரியாதா? வீட்ல ஒரு அலமாரி நிறைய சாம்பிள் கிடக்கு. டாக்டருங்களுக்குக் குடுத்தது போக மிஞ்சினது. ரெண்டு வருஷமா அதைத்தான் போட்டுக்கிட்டிருக்கேன். காலையில ஒண்ணு, அடங்கலேன்னா ராத்திரி ஒண்ணு. தேதி போயிருக்கும் சிலது. தேதி போனா வீரியம் கொஞ்சம் குறையும், அதனால ரெண்டாப் போட்டுக்குவேன். இந்த வைத்தியம் எங்க ஆளுங்க எல்லாருக்கும் உண்டு. ரெப்பு எவனாவது வரிசையில நின்னு டாக்டருக்குக் காட்டிப் பாத்திருக்கீங்களா?

இதுல எம்பொண்ணுதான் விடமாட்டேங்கறா. அவளப் பத்தி என்ன சொல்றது. அப்பாகிட்ட பேசணும்னா எம்பொண்ணும் நாற்பது செகண்டுதான் குடுப்பா. சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துக்கிட்டே. சாப்பிட்டியா, மாத்திரை எத்தனை போட்ட, டாக்டர்கிட்ட எப்பப் போற, அவ்வளவுதான் பேச்சு. நாவல் எப்படிப் போவுதுன்னு ஒரு நாள் கேட்டதில்ல. ராத்திரி சாப்பாட்டுக்கு எனக்கும் தட்டு வச்சுட்டு எதிர்ல உக்காந்துக்குவா. நான் முன்னாடியே சாப்பிட்டேன்மான்னு சொன்னாலும் எழுந்திரிக்க மாட்டா. போலீஸ்காரி மாதிரி பாத்துக்கிட்டே இருப்பா. எனக்கு ஒரு வாய் சோத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி வேணும், அவ எதிர்ல எப்படிம்மா சாப்பிடறது? படிக்கிற புள்ளைக்கு அப்பன் தட்டுல என்ன வேலை?

அவ நச்சரிப்பு தாங்காமதான் போன மாசம் முதல் தடவை வந்தேன். இதே ஹால்தான். எல்லாரையும் அனுப்பிட்டுக் கடைசியா நின்னேன். டாக்டரே வெளிய வந்துட்டாரு கிளம்பறதுக்கு. என்ன தனசீலன், இப்ப எந்தக் கம்பெனின்னாரு. நான் வேலையை விட்டது அவருக்குத் தெரியல. சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் டாக்டர்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற என்ன சொல்றது, மனுஷன் கார் சாவிய எடுத்துட்டாரு.

ரெண்டாவது தடவை உள்ள போயிட்டேன். நிஜமாவே போயிட்டேன். பையோட போனேனா, போய் நின்னேன். டாக்டர் கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே, சொல்லுங்க தனசீலன், என்ன புதுசான்னாரு. அவ்வளவுதான். எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியலம்மா. அல்சர் மாத்திரையப் பத்தி ஒப்பிக்க ஆரம்பிச்சுட்டேன். கையில அட்டை இல்ல, ஆனா பக்கம் திருப்பற மாதிரி கை போவுது. முடிச்சேன். டாக்டர் நிமிந்து பாக்காமலேயே கையை நீட்டினாரு. ஃபைலுக்குத்தான் நீட்டினாரோ என்னவோ. நாங்க பேசி முடிச்சா டாக்டர் கையில ஏதாவது வச்சுட்டு வர்றது வழக்கம். நான் சட்டைப் பையிலருந்து பேனாவை எடுத்துக் குடுத்துட்டேன். செண்பகம் மஸ்கட்லருந்து வாங்கிக் குடுத்த பேனா, நாவல் எழுதறதுக்குன்னே. அவரு தேங்க்ஸ்னு சொல்லி டிராயர்ல போட்டுக்கிட்டாரு. நானும் தேங்க்யூ டாக்டர்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

சிரிங்க, பரவால்ல. எனக்கே சிரிப்பு வந்துச்சு, ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போனேன். அப்புறம் அங்க ஒரு மரத்தடியில கொஞ்ச நேரம் நின்னேன்.

பாப்பாகிட்ட, ஒண்ணுமில்லன்னுட்டாரும்மான்னு சொன்னேன். மருந்துச் சீட்டு எங்கன்னா. இருக்கற மாத்திரையே போதும்னாரு, சீட்டெல்லாம் எதுக்குன்னேன். வெள்ளிக்கிழமை செண்பகம் வீடியோவுல வந்தா. அவகிட்டயும் அதேதான். நான் மொபைலை மூஞ்சிக்குக் கிட்ட வச்சுத்தான் பேசுவேன். கழுத்தெலும்பு தெரிஞ்சா நர்ஸு கண்ணுக்குத் தப்புமா? அவ வேலையைப் பாதியில விட்டுட்டு ஓடிவருவா. பாப்பாவுக்கு அடுத்த வருஷம் காலேஜு இருக்கு, எனக்கு நாவல் இருக்கு. எல்லாம் யோசிச்சுத்தான் செய்யறேன்.

அந்த நாவலப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். மாசிலாமணின்னு ஒருத்தன். ரயில்வே பார்சல் ஆபீஸ்ல கிளார்க்கு. பொண்டாட்டி வெளியூர்ல, ஒரு மகன். அவனுக்குச் சோறு இறங்காது. நெஞ்சுக்குள்ள ஒரு இடத்துல வந்து நிக்கும், யாரோ கதவச் சாத்தின மாதிரி. மகன் பள்ளிக்கூடம் போனப்புறம் சோத்தையும் ரசத்தையும் மிக்ஸியில போட்டு அடிச்சுக் குடிப்பான். குடிச்சுட்டு ஜாரைக் கழுவி, துணியால துடைச்சு, இருந்த இடத்துலயே கவுத்து வைப்பான், மகனுக்குத் தெரியக்கூடாதுன்னு. எண்பத்தேழாவது பக்கம். இதுவரைக்கும் நான் எழுதினதுலயே அதான் நல்லா வந்திருக்கு. முழுக்கக் கற்பனை.

போன ஞாயித்துக்கிழமை நோட்டைத் திறந்தா, அந்தப் பக்கத்துல ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கு. பாப்பா கையெழுத்து. நான் எழுதறது எதையும் படிக்கமாட்டான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். முதல் பக்கத்துலருந்தே படிச்சிருக்கா போல, அங்கங்க மடிச்சு வச்ச தடம் இருக்கு. முதல் வாசகி இல்லையா? கண்ணாடியத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டுப் படிச்சேன். என்ன எழுதியிருக்கான்னு நினைக்கறீங்க?

நம்ம வீட்டு மிக்ஸியும் ஈரமாகத்தான் இருக்கிறது அப்பா. அவ்வளவுதான். கதையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மாசிலாமணி நல்லா வந்திருக்கானா, நடை எப்படி இருக்கு, ஒண்ணும் இல்ல. எழுதறவனுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. நான் அன்னிக்கு முழுக்க அவகூடப் பேசல.

அதுக்கு மேல ஒண்ணு பண்ணியிருக்கா, கேளுங்க. இன்னிக்கு டோக்கன் போட்டதே அவதான். ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு நேரா இங்க வந்துடறேன், அதுக்குள்ள நீ உள்ள போயிருக்கணும்னு சொல்லிட்டுப் போனா. மதியம் பையத் திறக்கறேன், நோட்டுல எண்பத்தேழாவது பக்கத்தைக் காணோம். கிழிச்சுட்டா. ஸ்கேல் வச்சு நேரா கிழிச்சிருக்கா. பக்கத்துலயே ஒரு கவர் இருக்கு. பிரிக்காதே, டாக்டரிடம் கொடுன்னு மேல எழுதியிருக்கு.

பிரிச்சேன். பிரிக்காம எப்படி? டாக்டர் கையில ஒரு காகிதம் குடுக்கறதுன்னா முதல்ல நாம படிச்சிருக்கணும், அது எங்க தொழில் முறை. இதோ பாருங்க, நீங்களே பாருங்க. என் பக்கம். கீழ சாம்பிள் மாத்திரைப் பட்டை ஒண்ணை ஸ்டேப்ளர் அடிச்சு வச்சிருக்கா, தேதிக்கு அடியில சிவப்புக் கோடு. மேல எழுதியிருக்கறதைப் படிக்கறேன். டாக்டர், இது என் அப்பா எழுதியது. கதை என்று சொல்வார். கதை இல்லை. எட்டு மாதமாக இப்படித்தான் சாப்பிடுகிறார். தயவுசெய்து அவரை உட்கார வைத்துக் கேளுங்கள்.

எட்டு மாசம்ங்கறது தப்பு. பதினொண்ணு. மாசிலாமணிக்குச் சொல்றேன்.

ஏம்மா, காகிதத்தை விட்டுட்டு என்னையே பாக்கறீங்க?

இருபத்தாறு போறாங்க. அடுத்தது நீங்க. ஹால்ல நம்ம ரெண்டு பேருதான்.

அந்த அட்டைப் புத்தகத்துல, நாங்க டாக்டருங்களுக்குக் காட்டறது, அதுல கடைசிப் பக்கம் ஒண்ணு உண்டும்மா. சிவப்புக் கட்டம் போட்டு இருக்கும். இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு விழுங்கறதுல சிரமம் இருந்தாலோ, காரணமில்லாம எடை குறைஞ்சாலோ, தாமதிக்காம உள்ள குழாய் விட்டுப் பாக்கணும்னு இருக்கும். இருபத்துநாலு வருஷத்துல ஒரு டாக்டருக்கும் அந்தப் பக்கத்தை நான் திருப்பிக் காட்டினதில்ல. நேரம் இருக்காது. நாற்பது செகண்டு அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும். ஆனா மனப்பாடமா தெரியும். காலையில பல் தேய்க்கறப்பல்லாம் அது ஞாபகத்துக்கு வந்துடுது. பெல்ட்டுல புதுசா மூணு ஓட்டை போட்டிருக்கேன், ஆணிய அடுப்புல காய்ச்சி. பாப்பா அதையும் பாத்திருப்பா. அவ பாக்காதது என்ன இருக்கு? எம்பொண்ணு எதிர்ல உக்காந்து என் தட்டையே பாத்துக்கிட்டிருந்தது, நான் ஒரு வாயாவது திம்பேனான்னுதான் இருக்கும். நான் என்னவோ நினைச்சுட்டேன்.

பயமா இருக்கும்மா. சேர்ல உக்காந்தேன்னா அவரு கேப்பாரு. கேட்டா சொல்லணும். சொல்லிட்டா அப்புறம் அது கதை இல்ல.

இருபத்தேழு. உங்களைத்தான் கூப்பிடறாங்க, எழுந்திரிங்க. என்ன? இல்லம்மா, நீங்க போங்க, நான் எட்டு மணிக்கு... அய்யோ, ஏம்மா சிஸ்டர்கிட்ட முதல்ல இவரை விடுங்கன்னு சொல்றீங்க? சிஸ்டர், இவங்களுக்கு அப்புறம்தான்... இல்ல, பத்தொம்பதுதான். ஆமா, தனசீலன். ரெப் இல்ல சிஸ்டர், பேஷண்டு.

சரிம்மா. போறேன். நீங்க மணப்பாறை வரைக்கும் போகணும், எனக்காக உக்காந்திருக்கீங்க.

ஒரு உதவி. இந்தப் பையைக் கொஞ்சம் வச்சுக்கறீங்களா? கவரை மட்டும் எடுத்துக்கறேன். பையோட போனா நின்னுடுவேன். எம்பொண்ணு வந்தாலும் வருவா. நீல யூனிஃபார்ம், ரெட்டைச் சடை, கண்ணாடி போட்டிருப்பா. பையப் பாத்ததும் அப்பா எங்கேன்னு உங்களத்தான் கேப்பா. உள்ள உக்காந்திருக்காருன்னு சொல்லுங்க.